ஓர் ஆள், பல அட்டைகள், ஒரே வரம்பு

(வணிகவியல் துறையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த எழுத்து வடிவம்)

 

மளிகைக் கடைப் பற்று நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். அம்மா வாங்கிய அரிசி, பையன் ஓடிவந்து வாங்கிய சோப்பு, தாத்தாவின் மூக்குப்பொடி, எல்லாம் அதே பக்கத்தில் ஏறும். அரிசிக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு என்று கடைக்காரர் தனித்தனி வரம்பு வைத்ததில்லை. அந்த வீட்டை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்ற ஒரே கணக்குதான் அவர் மனத்தில் இருந்தது. வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்று காதில் விழுந்தால், "பழைய பாக்கியைக் கொஞ்சம் பார்த்துட்டு எடுத்துக்கலாம்மா" என்பார். கேட்கச் சங்கடமான சொல். ஆனால் முகத்துக்கு நேராகச் சொன்ன சொல். "அடுத்த மாசம் தம்பி பணம் அனுப்புவான்" என்று பதில் சொல்ல அந்த அம்மாவுக்கு வழி இருந்தது.

இன்று அந்தப் பக்கம் வங்கியின் கணினியில் இருக்கிறது. இந்தியாவில் புழங்கும் கடன் அட்டைகள் 2024ஆம் ஆண்டிலேயே 10 கோடியைத் தாண்டிவிட்டன. ஒருவரே இரண்டு, மூன்று அட்டை வைத்திருப்பது சாதாரணமாகிவிட்டது. அட்டைதாரர் அவற்றைத் தனித்தனிக் கணக்காகப் பார்க்கிறார். அட்டை வழங்கும் வங்கியோ ஓர் ஆளைப் பார்க்கிறது. அந்த ஆளுக்கு ஒரு மொத்தத் தொகையை மனத்தில் கொண்டு, அதை அட்டைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, கூட்டுகிறது, குறைக்கிறது. இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அட்டைதாரர் அடிபடுகிறார். வரம்பைக் கூட்டும்போது அவருக்குப் பாதுகாப்பு இருப்பதுபோல, குறைக்கும்போதும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் வாதம். அதை ஆறு படிகளில் பார்க்கலாம்.

1. மொத்தம் முதலில், பிரிவு பிறகு

வரம்பு என்ற எண்ணம் பட்டுத் தெளிந்து வந்தது. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் 60,000 பேருக்குக் கேட்காமலேயே அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. பின்னாளில் விசா என்று பெயர் மாறிய அட்டை அது. தவணை தவறுவோர் 4 சதவீதம் இருப்பார்கள் என்று போட்ட கணக்கு, 22 சதவீதத்தில் போய் நின்றது. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை வங்கிகள் அங்கே காசு கொடுத்துக் கற்றன.

அப்படிப் பார்ப்பதற்கான கருவி மதிப்பெண். பில் ஃபேர், ஏர்ல் ஐசக் இருவரும் 1956இல் தொடங்கிய நிறுவனம், 1989இல் எல்லாக் கடன்காரருக்கும் பொதுவான ஃபைகோ மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2000இல் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் தொடங்கியது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் வந்தது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இருந்தாலும், மக்கள் வாயில் எல்லாமே 'சிபில் ஸ்கோர்'தான். 300 முதல் 900 வரை போகும் எண் அது.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21இல் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறையில் ஒரு முக்கியமான விதி இருக்கிறது. பல அட்டைகள் வைத்திருந்தால் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மொத்தக் கடன் கூடிவிடுகிறது. ஆகவே வரம்பை முடிவு செய்யும்போது அவர் மற்ற நிறுவனங்களிடம் வைத்திருக்கும் எல்லா வரம்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. அட்டைதாரரே சொல்லும் விவரத்தின் பேரிலோ கடன் தகவல் அறிக்கையின் பேரிலோ அதைத் தெரிந்துகொள்ளலாம். பற்று நோட்டின் ஒரே பக்கத்தைச் சட்டமே இங்கு விதியாக்கியிருக்கிறது.

2. ஒரே பானையா, தனித்தனிப் பானையா?

மொத்தத்தை அட்டைகளுக்குப் பிரிப்பதில் இரண்டு வழக்கங்கள் உண்டு.

இந்தியாவில் ஒரே வங்கியின் இரண்டு அட்டைகள் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பொது வரம்புதான். இரண்டு அட்டைகளின் மாதாந்தரக் கணக்கு அறிக்கைகளையும் மேசை மீது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பக்கத்தின் மேற்பகுதியில் மூன்று கட்டங்கள் இருக்கும்: மொத்தக் கடன் வரம்பு, மீதமுள்ள வரம்பு, மீதமுள்ள ரொக்க வரம்பு. இரண்டு அறிக்கைகளிலும் மொத்த வரம்பு ரூ.2,00,000 என்று அச்சாகியிருக்கும். அட்டைதாரர் கூட்டிப் பார்த்து நான்கு லட்சம் என்று மகிழ்வார். உண்மையில் இருப்பது இரண்டு லட்சம். ஒன்றில் ரூ.80,000 செலவழித்தால் மற்றொன்றிலும் ரூ.80,000 குறைந்துவிடும். ரொக்க வரம்பு தனிப்பணமல்ல. அதே இரண்டு லட்சத்தின் ஒரு துண்டு. மனைவிக்கோ மகனுக்கோ வாங்கிக் கொடுத்த கூடுதல் அட்டையும் அந்தப் பானையில்தான் கையை விடுகிறது. அதில் ஏறும் கடனுக்குப் பொறுப்பு முதன்மை அட்டைதாரருடையது.

இன்னும் சில முடிச்சுகள் உண்டு. ரூ.60,000 விலையுள்ள குளிர்பதனப் பெட்டியை 12 மாத இஎம்ஐயில் எடுத்தால், அந்த மாதம் கட்டப்போவது சில ஆயிரம்தான். ஆனால் வரம்பில் முழு ரூ.60,000 அடைபட்டுவிடும், தவணை கட்டக் கட்ட அசல் தொகை அளவுக்குத்தான் விடுபடும். ஹோட்டலில் அறை எடுக்கும்போது முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகையும், அவர்கள் விடுவிக்கும் வரை வரம்பைத் தின்றுகொண்டிருக்கும்.

அமெரிக்காவில் பெரும்பாலும் ஒவ்வோர் அட்டைக்கும் தனி வரம்பு. அங்கும் வங்கி உள்ளுக்குள் மொத்தத்தைத்தான் பார்க்கிறது என்பதற்குச் சான்று, வரம்பை அட்டைக்கு அட்டை மாற்றிக்கொள்ளும் வசதி. பத்தாயிரம் டாலர் வரம்புள்ள ஓர் அட்டையிலிருந்து நாலாயிரத்தை எடுத்து அதே வங்கியின் இன்னொரு அட்டையில் சேர்க்கும்படி கேட்கலாம். வங்கி தன் மொத்தப் பொறுப்பைக் கூட்டவில்லை என்பதால், பல நிறுவனங்கள் புதிய கடன் விசாரணை இல்லாமலே இதைச் செய்து தருகின்றன. மொத்தம் எட்டிவிட்டது என்று இரண்டாவது அட்டை மறுக்கப்பட்டவர், முதல் அட்டையின் வரம்பில் கொஞ்சம் வெட்டி ஒட்டச் சொல்லி அட்டையைப் பெறுவதும் உண்டு. பழைய அட்டையை மூடப் போகிறவர் முதலில் அதன் வரம்பை நகர்த்திக்கொள்ள வேண்டும். மூடிய பிறகு கேட்டால் அது போனதுதான்.

3. கூட்டுவது ஏன்?

வரம்பைக் கூட்டுவதை வங்கி ஒரு பாராட்டுப் பத்திரம்போல அனுப்புகிறது. "தகுதி பெற்றுவிட்டீர்கள்" என்று குறுஞ்செய்தி வரும். அதன் பின்னால் இருக்கும் கணக்கை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டேவிட் கிராஸ், நிக்கலஸ் சோலிலஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கக் கடன் அட்டைக் கணக்குகளை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வரம்பு கூடியதும் கடனும் உடனே கூடுகிறது. கூடிய வரம்பில் ஏறத்தாழ 10 முதல் 14 சதவீதம் வரை கடனாக மாறுகிறது என்று அவர்கள் கண்டார்கள். வரம்பை முட்டிக்கொண்டிருந்தவர்களிடம் இது மிக அதிகம் என்பதில் வியப்பில்லை. வரம்புக்கு வெகு கீழே இருந்தவர்களும் கூடுதலாகக் கடன் வாங்கினார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் கனமான செய்தி. தேவையில்லாதவருக்கும் வரம்பு ஒரு தூண்டுதல் ஆகிறது. மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். அந்த விகிதத்தில் நிலுவையைச் சுமக்கும் வாடிக்கையாளர் வங்கிக்கு நல்ல வருமானம்.

இதை உணர்ந்த நாடுகள் கடிவாளம் போட்டிருக்கின்றன. அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டுக் கடன் அட்டைச் சட்டம், திருப்பிச் செலுத்தும் திறனைப் பார்க்காமல் வரம்பைக் கூட்டக் கூடாது என்கிறது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல், கேட்காதவரிடம் வரம்பு உயர்வை முன்வைப்பதையே தடை செய்துவிட்டது. அங்கே 2019 ஜனவரி முதல், கேட்கும் வரம்பு முழுவதையும் மூன்று ஆண்டுகளுக்குள் அடைக்க முடியுமா என்று பார்த்துத்தான் அட்டை கொடுக்க வேண்டும். இந்தியாவின் 2022 நெறிமுறையும் இதில் தெளிவாக இருக்கிறது: அட்டைதாரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வரம்பைக் கூட்டக் கூடாது. வரம்பைத் தாண்டிச் செலவழிக்க விடுவதற்கும் சம்மதம் வேண்டும்.

கூட்டுவதற்கு இவ்வளவு காவல். பாராட்ட வேண்டிய விதி இது.

4. குறைப்பது ஏன்?

குறைப்பதற்கு வங்கிக்கு மூன்று வகைக் காரணங்கள் இருக்கும். முதலாவது, ஆளைச் சார்ந்தது: வேறு எங்கோ ஒரு தவணை தவறியிருக்கும், ஒரே காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டிருப்பார், மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பார். இரண்டாவது, அட்டையைச் சார்ந்தது: நெடுநாள் பயன்படுத்தாத வரம்பு. மூன்றாவது, அட்டைதாரருக்குச் சம்பந்தமே இல்லாதது: வங்கியின் சொந்த மூலதனக் கணக்கு.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கடன் அட்டை நிலுவைக்கான இடர் எடையை 125 சதவீதத்திலிருந்து 150 ஆக உயர்த்தியது. அதே கடனுக்கு வங்கி கூடுதல் மூலதனத்தை ஒதுக்க வேண்டும் என்பது இதன் பொருள். பயன்படுத்தாத வரம்புக்கும் செலவு உண்டு என்ற பார்வை உலக அளவில் வலுத்து வருகிறது. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய வரம்பின் பயன்படுத்தாத பகுதியைப் பழைய சர்வதேச விதிகள் பூஜ்யமாக எண்ணின. அவற்றை வகுக்கும் பேசல் குழுவின் 2017 இறுதி விதிகள் அதில் 10 சதவீதத்தைக் கடனாக எண்ணச் சொல்கின்றன. சும்மா கிடக்கும் வரம்பு வங்கியின் ஏட்டில் சும்மா கிடப்பதில்லை. எதை வெட்டலாம் என்று தேடும்போது கண்ணில் முதலில் படுவது அதுதான்.

2008 நெருக்கடியின்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த ஒரு தொழில்முனைவோர் விடுமுறை முடிந்து வீடு திரும்பியபோது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் கடிதம் காத்திருந்தது. அவருடைய வரம்பு 10,800 டாலரிலிருந்து 3,800 டாலராகக் குறைக்கப்பட்டிருந்தது. அவர் நேரத்துக்குப் பணம் கட்டுகிறவர். அண்மையில் அவர் பொருள் வாங்கிய இடங்களில் வாங்கிய மற்ற வாடிக்கையாளர்கள் சரியாகக் கடன் திருப்பவில்லை என்பது கடிதம் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒருவர் எந்தக் கடைக்குப் போகிறார் என்பதை வைத்து அவருடைய நாணயத்தை எடை போடலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இத்தகைய குறைப்புகள் குறித்து ஆராய்ந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்ந்தது.

அவையோர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் கேள்வி கேட்க முடிந்ததே காரணம் எழுத்தில் வந்ததால்தான். அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சமக் கடன் வாய்ப்புச் சட்டமும் அதன் விதிகளும், தவணை தவறாத ஒருவருக்கு மட்டும் பாதகமாகக் கணக்கை மாற்றினால் 30 நாட்களுக்குள் அவருக்கு அறிவிக்கவும், காரணத்தைச் சொல்லவோ கேட்டறியும் உரிமையைத் தெரிவிக்கவோ சொல்கின்றன. காரணம் வெளியே வந்ததால்தான் அது தவறான காரணம் என்று ஊர் பேச முடிந்தது.

5. ஒரு வெட்டு மற்ற அட்டைகளுக்குப் பரவும் விதம்

குறைப்பு ஓர் அட்டையோடு நிற்பதில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவருக்கு முதல் வங்கியில் ரூ.2,00,000 வரம்பு, நிலுவை ரூ.50,000. இரண்டாம் வங்கியில் ரூ.1,00,000 வரம்பு, நிலுவை ரூ.40,000. மொத்த வரம்பு மூன்று லட்சம், நிலுவை தொண்ணூறாயிரம். பயன்பாடு 30 சதவீதம். முதல் வங்கி தன் வரம்பை ரூ.60,000 ஆகக் குறைக்கிறது. அவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கடன் வாங்கவில்லை. ஆனால் மொத்தப் பயன்பாடு 56 சதவீதமாகிறது. முதல் அட்டையில் மட்டும் பார்த்தால் 25லிருந்து 83 ஆகத் தாவுகிறது. ஃபைகோ முறையில் மதிப்பெண்ணின் 30 சதவீத எடை, வாங்கியிருக்கும் கடன் அளவுக்கு உரியது; அதில் இந்தப் பயன்பாட்டு விகிதம் பெரும்பங்கு வகிக்கிறது. இந்திய மதிப்பெண்களும் இதைப் பார்க்கின்றன.

இப்போது இரண்டாம் வங்கி அறிக்கையை எடுத்துப் பார்க்கிறது. வரம்பை முட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆள் தெரிகிறார். அது தன் பங்குக்கு வெட்டுகிறது. 2025 ஜனவரி முதல் இந்தியாவில் கடன் விவரங்களைக் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், இந்தச் சங்கிலி முன்பைவிட வேகமாக இழுபடும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த ஆளுக்கு விஷயம் தெரியவரும். அல்லது மருத்துவமனைப் பணம் கட்டும் இடத்தில், கருவி 'மறுக்கப்பட்டது' என்று காட்டும்போது தெரியவரும்.

பயன்படுத்தாத அட்டைக்கும் இதே கதைதான். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டைக்கு வங்கி தகவல் அனுப்பி, 30 நாட்களில் பதில் வராவிட்டால், நிலுவை ஏதும் இல்லாத நிலையில் மூடலாம் என்று நெறிமுறை சொல்கிறது. பெட்டியில் கிடக்கும் அட்டை மூடப்படும்போது அதன் வரம்பும் மொத்தத்திலிருந்து கழிந்துவிடும்.

6. சம்மதம் ஒரு பக்கம், தகவல் மட்டும் மறுபக்கம்

இனி வாதத்தின் மையம். 2022 நெறிமுறை, கூட்டுவதற்கு வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. குறைப்பதற்கு அட்டைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எத்தனை நாள் முன்னதாக என்று சொல்லவில்லை. காரணம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லவில்லை.

புகார் கொடுக்கலாமே என்று கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், நிறுவனத்தின் வணிக முடிவு சார்ந்த புகார்களை ஏற்பதில்லை என்று விலக்கு வைத்திருக்கிறது. வரம்பைக் குறைத்தது வணிக முடிவு என்று வங்கி சொல்லிவிட்டால், அட்டைதாரர் தட்டுவதற்கு எஞ்சியிருக்கும் கதவுகள் குறைவு.

வங்கியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மூழ்கப் போகிற ஒருவருக்கு முன்னறிவிப்பு கொடுத்தால், குறைப்பதற்குள் முழு வரம்பையும் எடுத்துவிடுவார் என்ற அச்சம் பொய்யல்ல. வங்கியில் இருப்பது வைப்பாளர்களின் பணம். அதைக் காக்கும் கடமை வங்கிக்கு உண்டு. ஆகவே குறைப்பதற்கும் சம்மதம் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் இந்த அச்சத்துக்கு இடம் கொடுத்தே அமெரிக்க விதிகள் ஒரு வழி கண்டிருக்கின்றன. அங்கே வரம்பை உடனே குறைக்கலாம். ஆனால் குறைத்த வரம்பைத் தாண்டியதற்காக அபராதமோ தண்டனை வட்டியோ விதிக்க வேண்டுமானால், 45 நாட்களுக்கு முன் அறிவித்திருக்க வேண்டும். வங்கியின் பணமும் பாதுகாப்பாக இருக்கிறது. அட்டைதாரரின் காலடியில் குழியும் வெட்டப்படுவதில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த அவை வழியாக முன்வைக்கலாம். முதலாவது, குறைக்கும்போது காரணத்தை அட்டைதாரருக்குப் புரியும் மொழியில், தமிழ்நாட்டில் தமிழிலும், எழுத்தில் தர வேண்டும். இரண்டாவது, குறைத்த வரம்பு காரணமாக எழும் கட்டணங்களுக்கு 45 நாள் இடைவெளி வேண்டும். மூன்றாவது, தவணை தவறாதவரின் வரம்பை வங்கி தன் சொந்த மூலதனத் தேவைக்காகக் குறைத்தால், கடன் தகவல் அறிக்கையில் அது வங்கியின் முடிவு என்று குறிக்கப்பட வேண்டும். மற்ற வங்கிகள் அதைப் பார்த்து அந்த ஆள் மீது பழி போடாமல் இருக்க இது ஒன்றே வழி.

விதி மாறும் வரை அவையோர் தாங்களே செய்யக்கூடியவை சில உண்டு. 2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனங்கள் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாங்கிப் பார்க்கலாம். பொது வரம்புள்ள அட்டைகள் அதில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன, குறைக்கப்பட்ட வரம்பு எப்போது ஏறியது என்று பாருங்கள். தவறு இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாட்களைத் தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு கேட்க உரிமை உண்டு. வரம்பு குறைந்ததாகச் செய்தி வந்தால் அன்றே வங்கிக்கு எழுத்தில் காரணம் கேளுங்கள். பதில் சொல்லும் கட்டாயம் இன்று வங்கிக்கு இல்லாவிட்டாலும், அந்தக் கடிதங்கள் குவிந்தால்தான் கட்டாயம் நாளை வரும். இங்கிருக்கும் வணிகவியல் மாணவர்கள் தங்கள் பெற்றோரின் அட்டை அறிக்கைகளை இன்று இரவே எடுத்து, மேலே உள்ள அந்த மூன்று கட்டங்களை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.